அலை இல்லாத இடமாகப் பார்த்து இறங்கலாமா?

கேள்வி: விடுமுறைக்கு ஏழு வயது மகன், நான்கு வயது மகள், மாமியாருடன் ஒரு கடலோரக் கிராமத்துக்குப் போகிறோம். நல்ல மணற்கரை என்கிறார்கள். அலை குறைவான இடமாகப் பார்த்துக் குழந்தைகளை இறக்கினால் போதும்தானே?

பதில்: போதாது, அம்மா. பல நேரங்களில் ஆபத்தே அந்த இடத்தில்தான். கரையேறிய அலைநீர் எல்லாம் திரும்பிப் போயாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் இருந்தால் அதன் வழியாக மொத்தமாகக் கடலுக்குள் ஓடும். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடையாது. இருபுறமும் நுரை பொங்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கறுத்து, சமர்த்துப் பிள்ளை மாதிரி படுத்திருக்கும்.

நானே ஏமாந்திருக்கிறேன். ஐந்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியொரு பட்டையை நோக்கி நடந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை அதட்டி நிறுத்தினார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வலையிலிருந்து கழன்ற மிதவை ஒன்றை அந்த நீரில் எறிந்தார். நான் ஐம்பது எண்ணுவதற்குள் அது அலை உடையும் இடத்தைத் தாண்டிவிட்டது. மகள் கைதட்டினாள். எனக்குத்தான் முழங்கால் நடுங்கியது.

ஆகவே, போனதும் சற்று மேடான இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். எங்கே இறங்கலாம் என்று கரையில் இருக்கும் மீனவர்களிடம் கேளுங்கள். அப்படியும் யாராவது இழுபட்டால், அந்த நீரோட்டம் ஆளை அடியில் அமுக்காது, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். எதிர்த்து நீந்திக் களைத்துப் போகிறவர்கள்தான் மூழ்குகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரியும் பக்கமாக வர வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்துகொண்டே கையை உயர்த்த வேண்டும்.

கேள்வி: காற்றடைத்த வளையம் இருந்தால் பயமில்லையே?

பதில்: அதை நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்து நிற்கும்போது காற்று முதுகில் படுகிறதா? அப்போது கரையோரம் தண்ணீர் தட்டையாக, அழகாக இருக்கும். வளையமோ பாய்மரம் கட்டியதுபோல் கிளம்பிவிடும். துரத்திக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் அப்பாவாகத்தான் இருப்பார்.

கேள்வி: மாமியாருக்கு எங்கே நாற்காலி போடுவது?

பதில்: காய்ந்த பாசியும் சிப்பியும் சுள்ளியும் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். கடைசியாக நீர் ஏறி நின்ற எல்லை அது. அதற்கு மேலே போடுங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிட இடைவெளி. நேற்று மாலை 4 மணிக்கு ஏறியது இன்று 4.50 வாக்கில் ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இன்னும் மேலே வரும், அதனால் பத்தடி கூடத் தள்ளிப் போடலாம். ஆனால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் இருவரும் செல்போனை எடுத்துவிடாதீர்கள். தண்ணீரில் தடுமாறும் குழந்தை பெரும்பாலும் கத்தாது.

கேள்வி: மகனுக்கு ஆளுயரக் குழி தோண்ட ஆசை.

பதில்: முழங்காலுக்கு மேல் வேண்டாம். ஈர மணலைப் பிடித்து நிறுத்துவது மணிகளுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்தான். வெயிலில் அது காய்ந்ததும் சுவர் சொல்லாமல் சரியும். உள்ளே ஆள் இருந்தால் மண்வெட்டி தேடக்கூட நேரம் இருக்காது. மணல் கோட்டை கட்டச் சொல்லுங்கள். கிளம்பும்போது பள்ளத்தை மூடிவிடுங்கள், இருட்டில் யாராவது கால் இடறுவார்கள்.

வாளி மட்டும் இரண்டாக எடுத்துப் போங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் நடக்கும் போரைத் தீர்த்துவைக்க என்னால் ஆகாது.