பழைய எண்ணெய் டிரம்மும் பழைய தேதியும்

கேள்வி: நான்கு பேர் வேலை செய்யும் வாகனப் பழுதுபார்ப்புப் பட்டறை நடத்துகிறேன். சோதனைக்கு வந்த அதிகாரி, பழைய எண்ணெயை வைத்திருக்கும் முறை சரியில்லை, பதிவேடும் இல்லை என்று எழுதிக் கொடுத்து 30 நாள் அவகாசம் தந்திருக்கிறார். 200 லிட்டர் டிரம் மூன்று பின்பக்கம் வெட்டவெளியில் இருக்கின்றன. கூலன்ட், பிரேக் கிளீனர் எல்லாவற்றையும் அவற்றில்தான் ஊற்றுகிறோம். எதிலிருந்து தொடங்குவது? போன வருடத்துக்கும் சேர்த்துப் பதிவேடு எழுதிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். எழுதாதீர்கள். பதிவேடு இல்லாதது சரிசெய்துகொள்ளக்கூடிய குறை. பின்தேதியிட்டு எழுதினால் அது பொய் ஆவணம், தனிக் குற்றம். பிடிபடுவதும் எளிது. ஆண்டில் எத்தனை லிட்டர் எஞ்சின் ஆயில் வாங்கினீர்கள் என்பது கொள்முதல் பில்லில் இருக்கிறது. 1,000 லிட்டர் வாங்கிய பட்டறையிலிருந்து 200 லிட்டர்தான் கழிவாகப் போனது என்றால், மீதி எங்கே என்ற கேள்வி உடனே வரும். இன்றைய தேதி போட்டு, இன்றைய கையிருப்பை அளந்து எழுதித் தொடங்குங்கள். டிரம்முக்குள் குச்சி விட்டுப் பார்த்தால் போதும்: 10 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 25 லிட்டர். பழைய ரசீதுகள் ஏதாவது இருந்தால், இருக்கிறபடியே தனிக் கோப்பில் வையுங்கள்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். டிரம் வெயிலில் நிற்பதைவிட, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலப்பதுதான் உங்களுக்குப் பெரிய கேடு. தனியாக இருக்கும் எஞ்சின் ஆயிலைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த முடியும். கூலன்ட் சேர்ந்தால் தண்ணீரும், அதில் கலந்திருக்கும் கிளைகால் என்ற வேதிப்பொருளும் சேர்ந்துவிடும். பிரேக் கிளீனர்களில் சில குளோரின் கலந்த கரைப்பான்கள். 200 லிட்டர் எண்ணெயில் அப்படிப்பட்ட கிளீனர் ஒரு டப்பா கலந்தாலே மொத்த டிரம்மும் அபாயகரக் கழிவுக் கணக்குக்குப் போய்விடக்கூடும். அதை அகற்றும் செலவே வேறு. ஆகவே எண்ணெய்க்கு ஒன்று, கூலன்ட்டுக்கு ஒன்று, கரைப்பானுக்கு ஒன்று என்று கலம் பிரித்து, உள்ளே இருப்பது என்ன, எந்தத் தேதியில் நிரப்பத் தொடங்கியது என்று அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள். குளோரின் இல்லாத கிளீனருக்கு மாறிவிட்டால் பாதிக் கவலை போய்விடும்.

ஏற்கெனவே கலந்துவிட்ட டிரம்களில் இனி ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். மூடி, ‘கலப்புக் கழிவு’ என்று எழுதி, என்னென்ன கலந்தது என்பதை எடுத்துச் செல்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருடைய டேங்கர் முழுவதும் கெடும். நல்ல எண்ணெயை ஊற்றி நீர்க்கச் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

டிரம் நிற்கும் இடத்துக்குக் கூரையும் சுற்றிலும் தடுப்புச் சுவரும் வேண்டும். ஒரு டிரம் உடைந்து கொட்டினாலும் எண்ணெய் அந்தச் சுவருக்குள்ளேயே நிற்கவேண்டும். அதற்குப் பல இடங்களிலும் கேட்கும் அளவு: இருப்பதில் பெரிய கலத்தின் கொள்ளளவில் 110 சதவீதம், அதாவது உங்களுக்கு 220 லிட்டர். 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரம் என்று கட்டினால் 360 லிட்டர் கொள்ளும். அதில் மற்ற இரண்டு டிரம்களின் அடிப்பகுதி அடைக்கும் இடம் ஏறக்குறைய 80 லிட்டரைக் கழித்தாலும் 280 மிஞ்சும். உங்கள் பகுதி விதி இன்னும் கூடுதலாகக் கேட்கிறதா என்பதை அந்த அதிகாரியிடமே கேட்டுவிட்டுக் கட்டுங்கள். மழைநீர் வடியட்டும் என்று சுவரில் துளை மட்டும் விடாதீர்கள். எண்ணெய் கொட்டும் நாளிலும் அந்தத் துளை திறந்துதான் இருக்கும்.

டிரம்மை விளிம்புவரை நிரப்பாமல் நான்கு விரல் இடம் விடுங்கள். வெப்பம் 30 டிகிரி ஏறினால் 200 லிட்டர் எண்ணெய் 4 லிட்டர் அளவுக்குப் பெருகும். ஊற்றியதும் புனலை எடுத்து மூடியைத் திருகுங்கள்; புனல் செருகியே நிற்கும் டிரம் சோதனையில் திறந்த டிரம்தான்.

ஆயில் ஃபில்டரைக் கழற்றியதும் குப்பையில் போடக் கூடாது. உள்ளே இருக்கும் வால்வு எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். சூடாக இருக்கும்போதே தலைப்பகுதியில் துளையிட்டு, கம்பி வலைமேல் 12 மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். எண்ணெய்த் துணிகளுக்கு மூடியுள்ள இரும்புத் தொட்டி. பழைய பேட்டரிகளை எண்ணெயிலிருந்து தள்ளி, நிமிர்த்தி, பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள்.

அறிக்கையில் இருக்கிறதோ இல்லையோ, தரையின் வடிகாலையும் பாருங்கள். ஒரு வாளி சுத்தமான தண்ணீரை ஊற்றி எங்கே வெளிவருகிறது என்று கண்டுபிடியுங்கள். மழைநீர்க் கால்வாய்க்குப் போனால் தரை கழுவுவதை இன்றே நிறுத்தவேண்டும், ஏனென்றால் அந்தத் தண்ணீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றுக்கோ ஏரிக்கோ போகிறது. எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருந்தாலும் சோப்புத்தூள் போட்டுக் கழுவினால் பயனில்லை; சோப்பு எண்ணெயை நுண்துளிகளாக உடைத்துவிடும், அது மேலே மிதக்காமல் தண்ணீரோடு கடந்து போகும். மரத்தூள் தூவி உறிஞ்சி, கூட்டி அள்ளுங்கள். அள்ளியதும் எண்ணெய்க் கழிவுதான்.

பதிவேட்டுக்குச் சாதாரண நோட்டு போதும்: தேதி, கழிவின் பெயர், அளவு, எடுத்துச் சென்றவரின் உரிம எண், வண்டி எண், கையொப்பம். உரிமத்தின் நகலை முதல் தடவையே வாங்கி, அது எந்தெந்தக் கழிவுக்கு, எந்தத் தேதிவரை செல்லும் என்று படித்துப் பாருங்கள். உரிமம் இல்லாதவர் எங்காவது கொட்டிவிட்டால் விசாரணை உங்கள் வாசலுக்கும் வரும்.

சுவர் கட்டும்போதே புகைப்படம் எடுத்து, 20 நாளுக்குள் செய்தது என்ன, மீதி என்ன என்று அதிகாரிக்குக் கடிதம் எழுதுங்கள். கலப்பு டிரம்மை எடுக்க வண்டி தாமதமாகும் என்று தெரிந்தால், எடுத்துச் செல்பவர் தந்த தேதியை இணைத்து, கெடு முடியும் முன்பே கூடுதல் அவகாசம் கேளுங்கள்.