பழவேற்காட்டு விடுதி சொல்லும் ‘சால்மன்’ எது?

பழவேற்காட்டுக் கடலோர விடுதி ஒன்று, படகில் சென்று ‘சால்மன்’ பிடிக்கலாம் என்று விளம்பரம் செய்வதைப் பார்த்து, அது அசல் சால்மன்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். விளம்பரம் அப்படிச் சொன்னாலும், நீங்களும் நண்பர்களும் அங்கே தூண்டிலில் பிடிக்கப்போவது அசல் சால்மன் அன்று. அது நம் சென்னைக் காசிமேடு மீன் சந்தையில் விற்கும் காலா மீனாகத்தான் இருக்கும். காலாவை ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கும் வழக்கமே உங்கள் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். அசல் சால்மன் வட அட்லாண்டிக், வட பசிபிக் பகுதிகளின் குளிர்ந்த கடல்களில் வளர்ந்து, முட்டையிட ஆறுகளில் ஏறும் மீன்.

மீன் கைக்கு வந்ததும் மார்புத் துடுப்புக்குக் கீழே பாருங்கள்: மீசை போன்ற மெல்லிய இழைகள் தனித்தனியாகத் தொங்கினால் அது காலா. சால்மனுக்கு அந்த இழைகள் கிடையா; அதற்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில் ஒரு சிறு சதைத் துடுப்பு இருக்கும். துண்டு போட்டபின் இந்தச் சோதனை உதவாது. ஏமாற்றம் வேண்டாம், காலா வறுவலுக்கு மிக அருமையான மீன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், முன்பணம் கட்டும் முன் எந்தப் படகில் அழைத்துச் செல்வார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.