சம்பள ரசீதில் இருக்கும் 120 ரூபாய்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். சம்பளம் 16,000 ரூபாய். மனைவிக்கு ஏழாம் மாதம், இரட்டைக் குழந்தைகள். குறைமாதத்தில் பிறக்கலாம் என்கிறார் டாக்டர். நண்பரின் குழந்தை ஐ.சி.யூ.வில் இருந்ததற்கு லட்சக்கணக்கில் ஆனது. ஏன் இவ்வளவு செலவு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை போதுமா, நகையை அடகு வைக்கட்டுமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் சம்பள ரசீதை எடுங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளிக்கும் குடும்பத்துக்குமான அரசு மருத்துவக் காப்பீடு) என்று 120 ரூபாய் பிடித்திருக்கிறதா? 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனி 3.25 சதவீதம் கட்டும். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 1,92,000 வருகிறது. அந்த அட்டையில் மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம்தான். இ.எஸ்.ஐ.யில் சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. உங்களுக்கு இது பெரிய பலம்.

செலவை ஏற்றுவது மெஷினைவிட நாட்கள்தான். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டமே பச்சிளம் குழந்தைக்கு நாள் கணக்கில்தான் பணம் தருகிறது, கவனிப்பு தீவிரமாக ஆக நாள் வாடகையும் கூடும். 28 வாரத்தில் பிறந்த பிள்ளை தானாக மூச்சுவிட்டு, பால் உறிஞ்சி, எடை ஏறி வீட்டுக்கு வருவதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். வென்டிலேட்டர் பக்கத்திலேயே நர்ஸ் நிற்க வேண்டும். நுரையீரல் விரிய மருந்து வேண்டும். நடுவில் கிருமித் தொற்று வந்தால் இன்னும் நாட்கள் நீளும். இரட்டை என்றால் இரண்டு பெட், இரண்டு பில்.

ஆகவே நாட்களைக் குறைக்கப் பாருங்கள். பிரசவம் முந்தும் என்று தெரிந்தால் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் குழந்தையைத் தூக்கி ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. டாக்டர் சரி என்றதும் தாயின் நெஞ்சோடு தோல் படக் கட்டிக்கொள்ளும் கங்காரு பராமரிப்புக்குக் காசே வேண்டாம். எடையும் ஏறும், தொற்றும் குறையும்.

நான் பார்த்தவரை குடும்பங்கள் கடனில் விழுவது ராத்திரி 2 மணிக்கு, கண்ணில் பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும்போதுதான். இந்த வாரமே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் அட்டையில் மனைவி பெயர் இருக்கிறதா, பரிந்துரைக் கடிதம் யார் தருவார், எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே பச்சிளம் குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். கையில் உள்ள சேமிப்பை நீங்கள் வேலைக்குப் போகாத நாட்களுக்கும், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வைத்திருங்கள்.