நாளிதழ் குறுக்கெழுத்து பாதியிலேயே நின்றுவிடுகிறதே, என்ன செய்வது?

காரைக்குடியில் அப்பத்தாவோடு உட்கார்ந்து தினமும் போடுகிறோம், பாதிக்கு மேல் நகரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். விடையை யாரிடமாவது கேட்பதற்கு முன் கட்டத்தையே கேளுங்கள். தமிழில் புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. அதுதான் பெரிய உதவி.

'செட்டிநாட்டு இனிப்புப் பலகாரம், 7 எழுத்து' என்று வருகிறது என்று வையுங்கள். குறுக்கே போகும் விடைகளால் இரண்டாம் கட்டத்தில் ந், ஐந்தாவதில் ப் விழுந்துவிட்டது. ந்-க்கு அடுத்து பெரும்பாலும் த வரிசைதான். ப்-க்கு அடுத்து ப வரிசை. பலகாரப் பெயர் என்பதால் கடைசியில் ம் போட்டுப் பாருங்கள். ஏழில் ஐந்து கிடைத்தாயிற்று! கந்தரப்பம் தானாக வந்து நிற்கும். இதேபோல ங் வந்தால் க, ண் வந்தால் ட என்று முதலில் முயலுங்கள்.

முதல் கட்டத்திலேயே ம் விழுந்தால் பயப்பட வேண்டாம். மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது, எனவே விடை பின்னிருந்து முன்னாகத் திரும்பியோ, எழுத்துகள் இடம் மாறிக் கலைந்தோ இருக்கிறது. குறிப்பின் ஓரத்தில் 'கலைந்துள்ளது' என்று இருக்கிறதா பாருங்கள். கோட்டை உள்ள ஊர், 5 எழுத்து என்றால் திருமயம்கூட இப்படிக் குழம்பிக் கிடக்கலாம்.

அப்புறம், அப்பத்தாவிடம் குறிப்பை மட்டும் வாசித்துக் காட்டுங்கள், கட்டத்தைக் காட்டாதீர்கள். உறவுமுறை, சமையல், புராணப் பெயர்கள் எல்லாம் அவரிடமிருந்து சட்டென்று வரும். எழுத்து எண்ணிப் பொருத்துவது உங்கள் வேலை.