நாள்பட்ட மைக்ரேனும் கொழுப்பும்: கேள்வி பதில்

மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலிக்காக நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை, வீடு வடசென்னை ராயபுரம். மைக்ரேனுக்கும் உடல் கொழுப்பைக் கையாளும் விதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம் ஏரியாக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் குணத்தோடு, இப்படி 3 மாதத்தைத் தாண்டினால்தான் நாள்பட்டது என்போம்.

எண்ணெய்ப் பண்டத்தை விட்டால் தலைவலி விடும் என்கிறார் மாமியார். உண்மையா மேடம்? (தண்டையார்பேட்டை)

பாதி உண்மை. எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எந்தக் கொழுப்பு என்று பாருங்கள். சன்ஃப்ளவர் ஆயிலில் மிகுந்திருக்கும் லினோலியிக் அமிலம் ஒமேகா-6 வகைக் கொழுப்பு. உடல் அதில் ஒரு சிறு பங்கை அராகிடோனிக் அமிலமாக மாற்றி, செல்களின் சவ்வில் வைத்துக்கொள்ளும். அதிலிருந்து உருவாகும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வலியைத் தூண்டும் பொருட்களுக்கு மூளை உறையின் வலி நரம்புகளை உசுப்பிவிடுவதில் பங்குண்டு. நீங்கள் போடும் இபுபுரூஃபன் தடுப்பது இந்த உற்பத்தியைத்தான். மீனில் உள்ள ஈபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகளிலிருந்து வருபவற்றில் பல, அழற்சியைத் தணிக்கும் பொருட்கள்.

2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. 182 பேர், 16 வாரம். ஒமேகா-3ஐக் கூட்டி ஒமேகா-6ஐக் குறைத்தவர்களுக்கு, வழக்கமான அமெரிக்கச் சாப்பாடு சாப்பிட்டவர்களைவிட மாதத்துக்குச் சுமார் 4 தலைவலி நாட்கள் குறைந்தன. ஒமேகா-3 மட்டும் கூட்டியவர்களுக்கு 2 நாட்கள். யாரும் மருந்தை விட்டுவிட்டு இதைச் செய்யவில்லை. தலைவலி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்ற மதிப்பெண்ணில் உறுதியான வித்தியாசமும் தெரியவில்லை. இதை மறைத்துவிட்டு ‘மீன் சாப்பிட்டால் மைக்ரேன் போச்சு’ என்று வீடியோ போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அப்போ எந்த எண்ணெய்? எந்த மீன்? (காசிமேடு)

சாதாரண சன்ஃப்ளவர் ஆயிலில் நூற்றுக்கு அறுபது பங்கு வரை லினோலியிக். நல்லெண்ணெயில் நாற்பதுக்கு மேல். கடலை எண்ணெயில் முப்பதை ஒட்டி. ரேஷன் பாமாயிலில் பத்து, தேங்காயெண்ணெயில் இரண்டு. அதற்காகப் பாமாயிலுக்குத் தாவ வேண்டாம், அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். கடலை எண்ணெயை அளவாக ஊற்றுங்கள். ஆனால் அந்த ஆய்வில் லினோலியிக்கை மிகவும் கீழே இறக்கினார்கள்; எண்ணெய் பாட்டிலை மட்டும் மாற்றி அந்த 4 நாளை எதிர்பார்க்க முடியாது.

மீன் விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். வஞ்சிரத்துக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை, மத்தியும் கானாங்கெளுத்தியும் போதும். நல்ல கொழுப்பேறிய மத்தி 100 கிராமில் ஒமேகா-3 ஒரு கிராம் அளவுக்குக் கிடைக்கும். ஆய்வில் கொடுத்தது தினம் ஒன்றரை கிராம். குழம்பாக வையுங்கள். சன்ஃப்ளவர் ஆயிலில் முக்கிப் பொரித்தால் எதைக் குறைக்க நினைத்தீர்களோ அதுவே தட்டுக்குத் திரும்பி வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகில் வரும் சின்ன மீனைப் பாருங்கள்.

நாங்கள் சைவம். ஆளி விதை போதுமா? (சௌகார்பேட்டை)

நல்லதுதான், போதாது. அதிலுள்ள ஒமேகா-3இல் மிகக் கொஞ்சமே ஈபிஏ, டிஹெச்ஏவாக மாறும். டிஹெச்ஏ நேரடியாகக் கிடைக்கப் பாசி எண்ணெய் கேப்ஸ்யூல் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை விரதம் இருந்தால் சாயங்காலம் தலை பிளக்கிறது. கீட்டோ டயட்டோ மைக்ரேனுக்கு நல்லது என்கிறார்கள். குழப்பமா இருக்குக்கா. (வியாசர்பாடி)

குழப்பம் நியாயமானது தம்பி. சாப்பாடு தள்ளிப்போனால் கல்லீரலின் சர்க்கரைக் கையிருப்பு இறங்கும். கொழுப்பு செல்கள் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் விடும். மைக்ரேன் உள்ள பலருக்குப் பட்டினியே தூண்டுதல். இதே நிலை நாள்கணக்கில் நீடித்தால் கல்லீரல் அந்தக் கொழுப்பைக் கீட்டோனாக்கும், மூளை அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ டயட்டும் உடலை இந்த நிலைக்குத்தான் கொண்டுபோகும். கீட்டோவில் தலைவலி குறைந்ததாகச் சொல்வன சின்னச் சின்ன ஆய்வுகள்தான். ஆக, ஒரு நாள் பட்டினியும் பல வாரக் கீட்டோவும் ஒன்றல்ல. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் கீட்டோ பக்கமே தானாகப் போகக் கூடாது. விரதம் விட மனமில்லையென்றால் பாலும் பழமுமாவது நேரத்துக்கு எடுங்கள்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் எடை ஏறிவிட்டது. நிறுத்தலாமா? (பெரம்பூர்)

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் உங்கள் கவலை சரி. உடல்பருமன் இருந்தால் எப்போதாவது வரும் மைக்ரேன் நாள்பட்டதாக மாறும் வாய்ப்பு அதிகம். கொழுப்புத் திசு அழற்சிப் பொருட்களைச் சுரப்பது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மைக்ரேன் வராமல் தடுக்கத் தரும் மாத்திரைகளில் அமிட்ரிப்டிலின், வால்புரோயேட், ஃப்ளூனரிசின் மூன்றும் எடை ஏற்றும். டோபிராமேட் குறைக்கும். மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். வால்புரோயேட்டும் டோபிராமேட்டும் கருவுக்கு ஆபத்து.

மெடிக்கல் ஷாப்பில் தினம் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டு ஓட்டுகிறேன். (திருவொற்றியூர்)

அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகையோ பல மருந்து கலந்த வலி மாத்திரையோ 10 நாள் என்று 3 மாதத்துக்கு மேல் போனால் அது தனி நோய். மீனும் எண்ணெயும் அப்புறம், முதலில் நரம்பியல் டாக்டர்.

கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுக்கணுமா? (மணலி)

மைக்ரேனைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஆனால் தலைவலிக்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து ஒளிக்கோடு தெரிகிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சற்றுக் கூடுதல். நீங்கள் அந்த ரகம் என்றால் கொலஸ்ட்ரால், பிரஷர் இரண்டையும் பாருங்கள், சிகரெட்டை விடுங்கள். பெண்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.