பணியில் இருக்கும்போதே நோயால் இறந்த ராணுவ வீரர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்?

என் தாய்மாமா. மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தார். 1997-இல் வெலிங்டனில் பயிற்சிக்குச் சேர்ந்தவர், 2016-இல் தில்லி ராணுவ மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். ராணுவத்தில் இருந்தவர் என்றதும் நிமிர்ந்து உட்காருபவர்கள், "எந்தச் சண்டையில்?" என்று கேட்டுப் பதில் தெரிந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கண்டனூர் பக்கம் எங்கள் ஊர். செட்டிநாட்டுக்கு ஆண்களை வெளியூர் அனுப்புவது புதிதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்ச் சம்பாதித்த செட்டியார்கள் கட்டிய வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்குக் காவல் இருந்தவர் என் தாத்தா. அந்த வீட்டின் முகப்புத் திண்ணையில்தான் மாமா படித்தார். ஆள்சேர்ப்பு முகாமின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கண்மாய்க் கரையில் விடியும் முன்பே ஓடிப் பழகினார்.

போன பிறகு அவருடைய முகவரி எப்போதும் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலைய எண்தான். எந்த மலை, எந்த ஊர் என்று அதில் தெரியாது. "அந்த ஐம்பத்தாறு எந்தப் பக்கம் இருக்கிறது, தம்பி?" என்று அம்மாச்சி தபால்காரரிடம் கேட்பார்.

வருடத்துக்கு 60 நாள் விடுப்பு, 30 நாள் சிறு விடுப்பு. கொப்புடையம்மன் திருவிழாவை ஒட்டி வரப் பார்ப்பார். 2004-இல் திருமணம். பன்னிரண்டு வருடத்தில் குடும்பக் குடியிருப்பு கிடைத்தது இரண்டு வருடம்தான். மற்றபடி சேர்ந்து வாழ்ந்தது விடுப்பு நாட்களில். எல்லாம் கூட்டினால் நான்கரை வருடம் என்று அத்தை ஒருமுறை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும்போது கறுப்பு ட்ரங்குப் பெட்டியின் மேல் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். நிறைய தேன்குழல். அவர் ஒன்றுகூடத் தின்ன மாட்டார், அத்தனையும் கூட இருப்பவர்களுக்கு.

கடைசிச் சில வருடங்கள் லடாக்கில். மேலே போனதும் முதல் ஆறு நாள் பெரிதாக எந்த வேலையும் செய்யாமல் உடம்பைப் பழக்க வேண்டும். 12,000 அடியைத் தாண்டினால் இன்னும் நான்கு நாள், 15,000 தாண்டினால் மறுபடி நான்கு நாள். அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். சும்மா உட்காரத் தெரியாத மனிதர், அந்த ஆறு நாள்தான் பெரிய தண்டனை என்பார்.

விடாத காய்ச்சல் என்று இறக்கிக் கொண்டுவந்தார்கள். ஐந்து மாதத்தில் முடிந்துவிட்டது.

உடலோடு வந்தவர் அவருடைய படைப்பிரிவுத் தோழர், பாலக்காட்டுக்காரர். பியூகிள் ஊதி, மடித்த தேசியக் கொடியை அத்தையின் கையில் கொடுத்தார்கள். அன்றிரவு அந்தத் தோழர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மாமாவைப் பற்றிப் பேசினார். புதிதாக மேலே வரும் பையன்களை மாமா ஒவ்வொரு இரவும் பூட்ஸைக் கழற்றச் சொல்வாராம். டார்ச் அடித்து ஒவ்வொரு கால்விரலாகத் தொட்டுப் பார்ப்பாராம். நிறம் மாறியிருந்தால் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுவாராம். "அவருடைய செக்‌ஷனில் ஒரு பையனுக்கும் பனியில் விரல் போனதில்லை" என்றார். எங்களுக்கு அதுவரை இது தெரியாது.

அப்போதுதான் உறவினர் ஒருவர், "எல்லையில் குண்டடிபட்டுப் போயிருந்தால் முழுச் சம்பளமும் ஓய்வூதியமாக வந்திருக்கும்" என்றார். பாலக்காட்டுக்காரருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். தட்டைக் கீழே வைத்தார். "எங்கள் ரெஜிமென்டின் வாசகம் 'ஸ்வதர்மே நிதனம் ஷ்ரேயஹ'. தன் கடமையில் இருந்தபடி மடிவதே மேல். அதில் குண்டு என்ற சொல் இல்லை" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை.

உறவினரின் கணக்கு சரிதான். போரில் இறந்தால் கடைசிச் சம்பளம் முழுவதும். பணியால் வந்த, அல்லது பணியால் முற்றிய நோய் என்று ஏற்றுக்கொண்டால் 60 சதவீதம். அத்தைக்குக் கிடைத்தது சாதாரண குடும்ப ஓய்வூதியம்: முதல் பத்து வருடம் 50 சதவீதம், பிறகு 30. 2019-இல் தில்லியில் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 25,000-க்கு மேற்பட்ட பெயர்கள் கல்லில் இருக்கின்றன. மாமாவின் பெயர் அங்கே இல்லை, விதிப்படி இருக்கவும் முடியாது. போரில் விழுந்தவர்களுக்கான இடம் அது. அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் அந்த விதியை ஊரும் உறவும் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மனிதனின் பத்தொன்பது வருடத்தை எடை போடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எத்தனையோ பையன்கள் பத்து விரலோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

பாலக்காட்டுக்காரர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் அத்தை தேன்குழல் சுட்டு அதே மாதிரி டின்னில் அடைத்து அவர் வீட்டுக்கு அனுப்புகிறார். காலி டின்னை அவர் திருப்பி அனுப்பிவிடுவார், ஒவ்வொரு முறையும் உள்ளே நேந்திரங்காய் வறுவல் நிறைத்து.