கைதட்டலும் கேன் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

கல்லூரிப் பட்டிமன்றத்தில் ‘குடும்ப உறவைக் குலைத்தது செல்போனே’ என்ற அணியை எதிர்த்துப் பேசினேன். மூன்று கணக்கெடுப்புகளை எண்களோடு வாசித்தேன். எதிரணிப் பையன், ‘செல்போன் வந்தது, முதியோர் இல்லம் பெருகியது’ என்று சொல்லிவிட்டு ஒரு மாமியார் ஜோக் அடித்தான். அரங்கம் அதிர்ந்தது. தீர்ப்பும் அவனுக்கே. உண்மை என்னிடம் இருந்தும் தோற்றேன். இனி நானும் ஜோக் கற்க வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மாமியாரை விடுங்கள். நடுவரையும் விடுங்கள், பாதிப் பேர் தீர்ப்பை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வருகிறவர்கள். ‘உண்மை என்னிடம் இருந்தும்’ என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. தோற்றவர் பக்கம்தான் உண்மை இருக்கும் என்று யார் சொன்னது?

பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையின் முதல் காதையிலேயே வருகிறது. அதே நூலின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் வாதத்தைப் பிரித்துப்போட்டுக் காட்டுகிறார். ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம், அதாவது நிறுவவேண்டியது. ‘புகையுடைமையால்’ என்பது ஏது, அதாவது காரணம். ‘அடுக்களை போல’ என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. பிறகு பிழைகள்: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. ஏதுவில்தான் வழுக்க அதிக வழிகள் இருக்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

ஏதுவுக்கு மூன்று சோதனை. பேசும் பொருளில் அது இருக்கவேண்டும். நிறுவவேண்டிய இயல்புள்ள வேறு பொருளிலும் (சபக்கம்) இருக்கவேண்டும். அந்த இயல்பே இல்லாத பொருளில் (விபக்கம்) இருக்கவே கூடாது. அந்தப் பையனின் ஏது, ‘செல்போனுக்குப் பிறகு பெருகியதால்.’ முதியோர் இல்லத்தில் இருக்கிறது, சரி. செல்ஃபியிலும் இருக்கிறது, அது செல்போன் கொண்டுவந்ததுதான், சரி. ஆனால் கேன் தண்ணீர்? அதுவும் செல்போனுக்குப் பிறகுதான் தெருத்தெருவாகப் பெருகியது. அதைச் செல்போனா கொண்டுவந்தது? ஏது இரண்டு பக்கமும் ஓடுகிறது. இதற்கு அநைகாந்திகம் என்று பெயர், அதில் ‘சாதாரணம்’ என்ற வகை. இதைப் பிடிக்க உங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நீங்களோ தாளைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

உங்கள் பிழையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏதுவை எதிராளி ஏற்காவிட்டால் அது அன்னியதராசித்தம். அவன் ஒப்புக்கொள்ளாத கணக்கெடுப்பின் மேல் நீங்கள் மாடி கட்டினீர்கள். யாரிடம் கேட்டார்கள், எத்தனை பேரிடம், எந்த ஊரில் என்று முதலில் சொல்லி, ‘இதை ஏற்கிறீர்களா’ என்று அவனிடமே கேட்டிருக்கவேண்டும். தனக்குத் தெரிந்துகொள்வது வேறு, பிறருக்கு நிறுவுவது வேறு. இரண்டாவதில் கேட்பவரின் ஒப்புதலும் வேலையின் ஒரு பகுதி. அதைப் பேச்சாளனின் மினுக்கு என்று ஒதுக்கிவிட்டு உண்மையின் பேரில் அழக்கூடாது.

ஜோக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடுத்தமுறை அந்தப் பையனைப் பார்த்து, ‘தம்பி, எங்கள் தெருவுக்குக் கேன் தண்ணீரையும் உங்கள் செல்போன்தான் கொண்டுவந்ததா?’ என்று மட்டும் கேளுங்கள். சிரிப்பு அடங்கும்வரை நிறுத்திவிட்டு, விபக்கத்தை விளக்குங்கள்.